ஆட்டுக்குட்டி, கூழைக்கடா, நங்கூரம்: கிறிஸ்தவக் குறியீடுகளைப் படிப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். மீன் என்றால் ரகசியச் சின்னம், புறா என்றால் சமாதானம், பாம்பு என்றால் பிசாசு, கழுகு என்றால் புதுவாழ்வு. இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அர்த்தம், கீழே "பத்துப் பேருக்கு அனுப்பவும்". அனுப்புகிறவர்களில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் உண்டு. வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்து, ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்து யாளித் தூண்களைப் பார்த்த கையோடு, அதே கோட்டைக்குள் 1846இல் கட்டிய புனித யோவான் ஆலயத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கே யாளி, இங்கே என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

கேள்வி நல்ல கேள்விதான். பட்டியல்தான் தப்பு. அதில் இருக்கிற அர்த்தங்கள் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம், அது எங்கே இருந்தாலும் மாறாது என்று நினைக்க வைக்கிறது பாருங்கள், கோளாறு அங்கே இருக்கிறது.

வேப்பிலை எங்கே தொங்குகிறது?

நம் தெருவிலிருந்தே தொடங்கலாம். ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் அதே கொத்தைக் கூழ்ப்பானையின் கழுத்தில் கட்டியிருந்தால் அது திருவிழா. அரிசி மூட்டைக்குள் கிடந்தால் வண்டு வராமல் இருக்கப் போட்டது, அவ்வளவுதான். அங்கே அம்மனும் இல்லை, அம்மையும் இல்லை.

இலை ஒன்றே. எங்கே இருக்கிறது, எதோடு இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு என்ன கதை தெரியும் என்ற மூன்றும் சேர்ந்துதான் அர்த்தத்தை உண்டாக்குகின்றன. குறியீடு என்ற சொல்லை இந்தப் பொருளில்தான் இங்கே பயன்படுத்துகிறேன்: கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நினைவுபடுத்தும்படி ஒரு சமூகம் பழக்கப்படுத்திக்கொண்டது.

கிறிஸ்தவக் குறியீடுகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கதைகள் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. சில வேதாகமத்திலிருந்து வந்தவை, சில பழங்கால மிருகக் கதைகளிலிருந்து வந்தவை, சில பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கியவை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் ஊற்று: வேதாகமம்

ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்தைவிட்டுப் புறப்படும் இரவில், இஸ்ரவேலர் ஓர் ஆட்டுக்குட்டியை அடித்து அதன் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசுகிறார்கள். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், யோவான் ஸ்நானகன் இயேசுவைக் காட்டி "தேவ ஆட்டுக்குட்டி" என்கிறார். பழைய ஏற்பாட்டில் நடந்த ஒன்றைப் புதிய ஏற்பாட்டில் வரப்போகிற ஒன்றின் முன்னோட்டமாகப் படிக்கும் இந்த முறைக்கு முன்னடையாளம் என்று பெயர். கிறிஸ்தவ ஓவியங்களில் பாதிக்கு மேல் இந்த முறை தெரியாவிட்டால் புரியாது. கப்பலில் நோவா, மீன் வயிற்றில் யோனா, சிங்கக் குழியில் தானியேல் என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் திரும்பத் திரும்ப வரைந்ததற்கு இதுதான் காரணம்.

சரி, அப்படியானால் ஆட்டுக்குட்டி என்றால் எப்போதும் கிறிஸ்துவா? இல்லை. ஆட்டுக்குட்டி கொடியைத் தாங்கி நின்றால் அது உயிர்த்தெழுந்த கிறிஸ்து. ஒரு மேய்ப்பனின் தோளில் கிடந்தால், லூக்கா 15இல் வருகிற காணாமற்போன ஆடு, அதாவது நாம். ஒட்டகமயிர் உடை உடுத்தியவரின் கையில் இருந்தால், "இவர் யோவான் ஸ்நானகன்" என்று காட்ட வைத்தது. மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பு நாளில் செம்மறியாடுகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம். நம் ஊரில் சாதாரணப் பேச்சில் இரண்டையும் ஆடு என்று முடித்துவிடுவார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் மண்டிக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். தோலைத் தடவிப் பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடுவார்.

இந்த ஆட்டுக்குட்டிக்கு எதிர்ப்பும் வந்திருக்கிறது. 692இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய திருச்சங்கம், கிறிஸ்துவை இனி ஆட்டுக்குட்டியாக வரைய வேண்டாம், மனித உருவிலேயே வரையுங்கள் என்று ஒரு விதி போட்டது. நிழல் போய் நிஜம் வந்த பிறகு இன்னும் எதற்கு நிழல் என்பது அவர்கள் வாதம். மேற்குத் திருச்சபை இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் கொடி ஏந்திய ஆட்டுக்குட்டியைக் கத்தோலிக்க, ஆங்கிலிக்க ஆலயங்களில் இன்றைக்கும் பார்க்கிறோம். கிழக்கத்திய ஆலயங்களில் அவ்வளவாகக் காணோம்.

சிங்கத்தின் கதை இன்னும் நேரடியானது. வெளிப்படுத்தின விசேஷம் 5ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து யூதா கோத்திரத்துச் சிங்கம். 1 பேதுரு 5ஆம் அதிகாரத்தில் பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம். ஒரே புத்தகம், ஒரே மிருகம், நேர் எதிரான இரண்டு பேர். "சிங்கம் என்றால்" என்று தொடங்கும் பட்டியலை இதற்கு மேலும் நம்புவதா வேண்டாமா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பொருளை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த வசனத்தில் சாய்ந்து நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பாம்பும் ஆஸ்பத்திரியும்

வேலூரில் இருந்துகொண்டு பாம்பைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியாது. கிளினிக் பலகை, மருந்துக் கடை, ஆம்புலன்ஸ், டாக்டர் கார் என்று எங்கே திரும்பினாலும் தடியில் சுற்றிய பாம்பு. மிஷன் ஆஸ்பத்திரிகளால் பெயர் பெற்ற ஊர் என்பதால், இது மோசே வனாந்தரத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பு என்று நம்புகிறவர்கள் இங்கே அதிகம். பிரசங்கத்திலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்படியில்லை. ஒற்றைப் பாம்பு சுற்றிய தடி, கிரேக்கர்களின் மருத்துவத் தெய்வமான அஸ்கிலேபியஸ் கையில் இருப்பது. இரண்டு பாம்புகளும் மேலே சிறகும் இருந்தால் அது ஹெர்மிஸ் என்ற தூதுத் தெய்வத்தின் கோல். வியாபாரத்துக்கும் வழிப்பயணத்துக்கும் உரியது. 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதைச் சின்னமாக எடுத்துக்கொண்டதிலிருந்து அதுவும் மருத்துவத்தோடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் கார் கண்ணாடியில் வியாபாரத் தெய்வத்தின் கோல் இருப்பது பொருத்தமா என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன்.

வெண்கலப் பாம்பின் கதை வேறு. எண்ணாகமம் 21இல், பாம்புக்கடியால் ஜனங்கள் சாகும்போது மோசே ஒரு வெண்கலப் பாம்பைக் கம்பத்தில் உயர்த்துகிறார், பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள். யோவான் 3ஆம் அதிகாரத்தில் இயேசு இதைத் தாம் சிலுவையில் உயர்த்தப்படுவதற்கு ஒப்பிடுகிறார். ஆக, ஏதேனில் ஏமாற்றிய அதே பிராணி இங்கே மீட்பின் முன்னடையாளம். மத்தேயு 10இல் "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாக" இருக்கச் சொல்லும்போது அது புத்திக்கு உதாரணம்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதையும் இருக்கிறது, பலர் அதைப் படிப்பதில்லை. 2 இராஜாக்கள் 18இல் எசேக்கியா ராஜா அந்த வெண்கலப் பாம்பை உடைத்துப் போடுகிறார். காரணம், ஜனங்கள் அதற்குத் தூபம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நினைவுபடுத்த வைத்த பொருளே வணங்கும் பொருளாக மாறியதும் அதைத் தூக்கி எறிகிறார்கள். குறியீட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கும் புராட்டஸ்டண்ட் குணத்துக்கு இந்த வசனம் பெரிய துணை. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் இந்தப் பக்கம் தொடங்கியபோது அதன் பின்னால் இருந்தது சீர்திருத்தச் சபை. உருவங்களைக் குறைத்துக்கொள்ளும் மரபு அது. அந்த வழியில் வந்த ஆலயங்களில் வெறும் சிலுவையும் வசனப் பலகையும் இருக்கும். கத்தோலிக்கக் கோயிலுக்குள் போனால் சுவர் முழுக்கப் புனிதர்கள். இரண்டும் கிறிஸ்தவம்தான். எவ்வளவு பேச்சைப் படத்திடம் விடலாம் என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

இரண்டாம் ஊற்று: பழைய மிருகக் கதைகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் எப்போதோ, பெரும்பாலும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கிரேக்க மொழியில் ஒரு சின்னப் புத்தகம் உருவானது. பெயர் பிசியோலோகஸ். ஒவ்வொரு மிருகமாக எடுத்து, அதன் குணம் இது, அது கிறிஸ்துவை அல்லது பிசாசை இப்படிக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே போகும். லத்தீன், சிரியாக், எத்தியோப்பியம், அர்மீனியம் என்று பல மொழிகளுக்குப் போனது. இடைக்கால ஐரோப்பாவின் மிருகப் புத்தகங்களுக்கெல்லாம் இதுதான் தாய்.

அதில் இருக்கிற இயற்கை அறிவு சுத்தமாக நம்ப முடியாதது. சிங்கக் குட்டி செத்துப் பிறக்கும், மூன்றாம் நாள் தகப்பன் வந்து முகத்தில் ஊதினால் உயிர் வரும். கூழைக்கடா (பெலிக்கன்) குஞ்சுகள் வளர்ந்ததும் தாய் தகப்பனை முகத்தில் கொத்தும். கோபத்தில் அவை குஞ்சுகளைக் கொன்றுவிடும். மூன்று நாள் அழுத பிறகு தாய் தன் விலாவைக் கிழித்து, இரத்தத்தைச் சொட்டி, குஞ்சுகளைப் பிழைக்க வைக்கும். அதனால்தான் பலிபீடங்களிலும், நற்கருணை (கிறிஸ்துவின் நினைவாகப் பகிரும் அப்பம்) வைக்கும் பேழைகளிலும் மார்பைக் குத்திக்கொள்ளும் பறவை செதுக்கியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ் பெயரில் வழங்கும் நற்கருணைப் பாடலில் கிறிஸ்துவைக் கூழைக்கடாவே என்று அழைக்கும் வரி வருகிறது. சிற்பி பலருக்குக் கூழைக்கடாவைப் பார்த்தே பழக்கமில்லை. பையில்லாத அலகோடு கழுகு மாதிரியோ வாத்து மாதிரியோ செதுக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு "கழுகு தன்னையே குத்திக்கொள்கிறது" என்பார்கள்.

இந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று ஊகிக்க வேடந்தாங்கல் வரை போனால் போதும், ஆந்திரப் பக்கம் நேலப்பட்டு வரை போனால் இன்னும் நல்லது. கூழைக்கடா ஓய்வாக நிற்கும்போது அந்த நீண்ட அலகை மார்பில் சாய்த்து வைத்துக்கொள்ளும். குஞ்சுக்கு ஊட்டும்போது அரைகுறையாய்ச் செரித்த மீனைக் கக்கிக் கொடுக்கும். குஞ்சு தலையைத் தாயின் பைக்குள்ளேயே விட்டு எடுக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தாய் தன்னையே கொத்திக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் கற்பனை.

கழுகுக் கதையும் இங்கிருந்துதான் வருகிறது. நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து, இன்னும் முப்பது வருஷம் வாழும் என்று கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் இருப்பாரா தெரியவில்லை. கம்பெனி ஊக்கப் பேச்சுகளிலும் இதுவேதான். அலகில்லாத கழுகு ஐந்து மாதம் எதைத் தின்னும்? பட்டினியில் செத்துப்போகும். கழுகுகள் இறகைச் சிறுகச் சிறுகத்தான் உதிர்த்து மாற்றிக்கொள்கின்றன. கிழட்டுக் கழுகு சூரியனை நோக்கிப் பறந்து சிறகைப் பொசுக்கிக்கொண்டு, ஊற்றில் மூன்று தரம் முங்கி இளமையாகும் என்று பிசியோலோகஸ் சொன்னது. சங்கீதம் 103இல் கழுகைப்போல இளமை திரும்புவதாக ஒரு வரி இருக்கிறது. பாறையும் அலகும் பிற்காலத்தில் ஏறிக்கொண்ட சங்கதிகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதை பொய் என்பதால் குறியீடு செல்லாது என்றாகாது. கூழைக்கடா சிற்பத்தைச் செதுக்கியவன் பறவையியல் பாடம் எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையையே அறிவியல் உண்மை என்று மேடையில் சொல்வது வேறு விஷயம். அதற்கு அக்காலத்துச் சிற்பி பொறுப்பல்ல.

மயில், மீன், நங்கூரம்

மூன்றாவது ஊற்று, சுற்றி இருந்த பண்பாடு. ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரித் தெருக்களில்தான் வாழ்ந்தார்கள். ஆட்டைத் தோளில் சுமக்கும் இளைஞன் உருவம் அவர்களுக்கு முன்பே கிரேக்கச் சிற்பத்தில் இருந்தது. நல்ல மேய்ப்பனாக அதை எடுத்துக்கொண்டார்கள். திராட்சைக்கொடி மதுத் தெய்வத்தின் அலங்காரம். யோவான் 15 கையில் இருந்ததால் அதுவும் சுலபமாக மாறியது. ஏறக்குறைய கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து என்ற கிறிஸ்தவ ஆசிரியர், முத்திரை மோதிரத்தில் என்ன பொறித்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்: புறா, மீன், காற்றில் ஓடும் கப்பல், யாழ், நங்கூரம். எல்லாமே கடையில் ஏற்கெனவே கிடைத்த வடிவங்கள். கேடு இல்லாததைப் பொறுக்கி எடுங்கள் என்பதுதான் அவர் யோசனை.

நங்கூரத்துக்கு எபிரெயர் 6:19 துணை நிற்கிறது; நம்பிக்கை ஆத்துமாவுக்கு நங்கூரம் என்கிறது. கடலே பார்க்காத வடாற்காட்டில், பாலாற்றில் வருஷத்துக்குப் பாதி நாள் மணல்தான் என்று இருக்கும்போதும், கல்லறைக் கல்லில் நங்கூரம் வருவது இதனால்தான். செத்தவர் மாலுமி என்று நினைத்துவிடக் கூடாது.

மீனைப் பற்றி ஒரு கதை எல்லோருக்கும் தெரியும்: துன்புறுத்தல் காலத்தில் ஒருவர் மணலில் ஒரு வளைவு வரைவார், எதிராளி இன்னொரு வளைவு வரைந்து மீனை முடித்தால் அவரும் கிறிஸ்தவர். அழகான கதை. ஆனால் அந்தக் காலத்து எழுத்து எதிலும் அது இல்லை. இருப்பது இதுதான்: "இயேசு கிறிஸ்து, தேவனுடைய குமாரன், இரட்சகர்" என்பதன் கிரேக்கச் சொற்கள் ஐந்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் இக்துஸ் என்று வரும், அது கிரேக்கத்தில் மீன். ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், நாம் சின்ன மீன்கள், தண்ணீரில் பிறந்தவர்கள் என்று ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதுகிறார். ஆக, அந்த மீனில் விசுவாச அறிக்கையும் இருந்தது, ஞானஸ்நானமும் இருந்தது. காட்பாடி சாலையில் கார்களின் பின்னால் ஒட்டியிருக்கிற மீன், 1970களில் அமெரிக்க இளைஞர்கள் மறுபடி பிரபலமாக்கியது.

புனித நாடு பயணம் போனவர்கள் வீட்டில் ஷோகேஸைப் பாருங்கள். ஒரு கூடை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீன் வரைந்த பீங்கான் தட்டு அநேகமாக இருக்கும். கலிலேயாக் கடல் ஓரம் தப்கா ஆலயத்தில் 5ஆம் நூற்றாண்டுத் தரைச் சித்திரத்தின் நகல் அது. கூடையில் அப்பங்களை எண்ணினால் நான்குதான் வரும். ஐந்தாவது எங்கே என்றால், பலிபீடத்தின் மேலே என்பது அங்கே சொல்லும் விளக்கம்.

மயில் விஷயத்தில்தான் நம் ஊர் ஆள் தடுமாறுவார். வள்ளிமலையும் ரத்தினகிரியும் பக்கத்தில் இருக்கையில் மயில் என்றால் முருகன் நினைவு வராமல் இருக்குமா? ரோமாபுரிச் சுரங்கக் கல்லறைகளிலும் இத்தாலியில் ராவென்னா நகரத்து ஆலயங்களிலும் மயில் நிற்பது வேறு கதைக்காக. மயில் இறைச்சி அழுகாது என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆதித் திருச்சபை அறிஞர் அகஸ்தீன், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் சமைத்த மயில் துண்டு ஒன்றை எடுத்து வைத்து, முப்பது நாளுக்கு மேல் கழித்துப் பார்த்ததாகவும், ஒரு வருஷம் கழிந்தும் கொஞ்சம் காய்ந்து சுருங்கியதைத் தவிர மாற்றம் இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். கருவாடு போடுகிற நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. அவருக்கு அது அழியாத சரீரத்தின் சாட்சி.

கடன் வாங்குவது அங்கேயே நின்றுவிடவில்லை. சென்னை பரங்கிமலையிலுள்ள பழைய பகலவி (பழம் பாரசீக எழுத்து) கல்வெட்டுச் சிலுவையின் மேலே புறா இறங்குகிறது, வளைவின் இரு முனையிலும் மகர வாய்கள், அடியில் தாமரை இதழ். பாத்திரக் கடையில் உச்சியில் அன்னத்துக்குப் பதிலாகச் சிலுவை வைத்த குத்துவிளக்கு விற்கிறதே, அதுவும் இதே வேலைதான்.

புனிதரும் கையில் இருப்பதும்

ஒரு புனிதர் இன்னார் என்று காட்ட அவர் கையில் அல்லது காலடியில் வைக்கும் பொருளை அடையாளப் பொருள் என்கிறோம். குறியீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேதுருவின் கையில் சாவி, செபஸ்தியார் உடம்பில் அம்பு, ரோக்கின் பக்கத்தில் ரொட்டி கவ்விய நாய். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் பெயர்ப்பலகைக்குப் பதில் இதுதான். நம் ஊரில் அந்தோணியார் இரண்டு பேர். குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் பதுவா அந்தோணியார். தாடியும் பன்றியும் இருந்தால் வனத்து அந்தோணியார். பன்றி பாவத்துக்கு அடையாளம் என்று யாராவது விளக்கினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் பெயரில் இயங்கிய துறவிகள் இடைக்காலத்தில் பன்றி வளர்த்து, அதன் கொழுப்பைத் தோல் நோய்க்கு மருந்தாகப் பூசினார்கள், அப்படி ஒட்டிக்கொண்டது.

கடைசியாக, இயேசுவின் வாழ்க்கையை எழுதிய சுவிசேஷகர் நால்வர். எசேக்கியேல் 1லும் வெளிப்படுத்தின விசேஷம் 4லும் வரும் மனிதன், சிங்கம், காளை, கழுகு ஆகிய முகங்களை அவர்களுக்குப் பங்கிட்டார்கள். இன்று எல்லா இடத்திலும் பார்ப்பது, வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமின் பங்கீடு: மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. அவருக்கு இருநூறு வருஷம் முன்பு இரேனியு என்ற ஆயர் வேறு மாதிரி பிரித்தார். யோவானுக்குச் சிங்கம், மாற்குவுக்குக் கழுகு. அகஸ்தீனுக்கோ மத்தேயுதான் சிங்கம், மாற்கு மனிதன். ஆகவே பழைய படம் ஒன்றில் சிங்கத்தைப் பார்த்தவுடன் மாற்கு என்று எழுதிவிடாமல், எந்தக் காலம், எந்த ஊர் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது. மூவர் கணக்கிலும் மாறாமல் நிற்பது லூக்காவின் காளை ஒன்றுதான். அவருடைய சுவிசேஷம் ஆலயத்தில் ஆசாரியன் சகரியாவோடு தொடங்குவதால் பலி மிருகம் அவருக்குப் போனது. கொலோசெயர் 4:14 அவரை வைத்தியர் என்கிறது. மருத்துவர்களின் புனிதர் அவர்தான். ஆஸ்பத்திரி ஊரில் பாம்புக்குப் பதிலாக ஒரு காளையை மாட்டியிருந்தால் வேதாகமப்படி யாரும் குறை சொல்ல முடியாது.